ரமணிக்பாயின் திரையில் சிவப்பு கிடையாது

எங்கள் கம்பெனியில் ரமணிக்பாய் என்றால் சுத்தம். சட்டைக் காலர் சுத்தம், மேசை சுத்தம், டிபன் டப்பா சுத்தம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் அவர் வாய்க்குள் போனது கிடையாது. மண்ணுக்கு அடியில் விளைவதைத் தொடாத ஜைனக் குடும்பம். என் டப்பாவில் உருளைக்கிழங்கு இருக்கிற நாட்களில் அவர் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்வார். "அது ஒண்ணும் எழுந்து ஓடி வந்து உங்க வாயில விழாது, ரமணிக்பாய்" என்று நான் சொல்வேன். அவரும் சிரிப்பார். ஆனால் நாற்காலி நகர்ந்தது நகர்ந்ததுதான்.

இதையெல்லாம்விடச் சுத்தம் அவருடைய கம்ப்யூட்டர் திரை. ராஜ்கோட் ஆஜி தொழிற்பேட்டையில் லேத் மெஷின் செய்கிற கம்பெனி எங்களுடையது. அவர் தலைமை டிசைனர், நான் ஸ்டோர்ஸ். என் பெயர் கோகிலா. இங்கே ஆண்கள் பெயரோடு அண்ணன் என்கிற மாதிரி பாய், பெண்கள் பெயரோடு அக்கா என்கிற மாதிரி பென் சேரும். வாய் கொஞ்சம் நீளம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசைன் ரூமில் ஒரு மெஷினின் பாகங்களை ஒவ்வொன்றாக வரைந்து, கடைசியில் எல்லாவற்றையும் திரையிலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்ப்பார்கள். இந்த முகத்தை அந்த முகத்தோடு ஒட்டு, இந்தத் துளையை அந்தத் துளைக்கு நேராக்கு என்று கட்டளை கொடுக்க வேண்டும். நடக்க முடியாததைக் கேட்டால் அந்தக் கட்டளைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு குறி வந்து நிற்கும். எங்கள் முதலாளி பரசோத்தம் சேட்டுக்கு அந்தச் சிவப்பைக் கண்டால் ஆகாது. வாங்க வருகிற பார்ட்டிக்கு டிசைன் ரூமில்தான் முதல் டீ. அந்த நேரத்தில் திரையில் சிவப்பு இருக்கக் கூடாது. "பொண்ணு பாக்க வந்தவன் முன்னாடி தும்மற மாதிரிடா அது" என்பார். அதனால் பார்ட்டி வருகிறது என்றால் மற்ற டிசைனர்கள் அவசர அவசரமாகச் சிவப்பு வந்த கட்டளையையே எடுத்துவிடுவார்கள். விருந்தாளி வருகிற நேரத்தில் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற கதைதான். ரமணிக்பாய்க்கு அந்த அவசரம் வந்ததே இல்லை. அவர் திரையில் சிவப்பு இருக்காது. பேட்டை முழுக்க அவருக்கு அந்தப் பெயர். பக்கத்து கம்பெனி டிசைனர்கள்கூட சந்தேகம் கேட்டு வருவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சிவப்பு வர்றது மெஷின் நமக்குச் சொல்ற புத்தி. கேட்டுக்கணும்" என்று சொல்லித்தருவார்.

அந்த மனுஷன் ஒரு நாள் அந்தப் புத்தியைக் கேட்கவில்லை.

ஜாம்நகரில் பித்தளைச் சாமான் செய்கிற ஒரு பெரிய பார்ட்டி, வழக்கத்தைவிடப் பெரிய லேத் வேண்டும் என்று கேட்டது. லேத்தில் சுழல்கிற தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். அதன் மூக்கில்தான் சக் உட்காரும். சக் என்றால் வேலைச் சாமானைக் கவ்விப் பிடிக்கிற தாடை. ஸ்பிண்டில் மூக்கு கூம்பாக, டேப்பராக இருக்கும். சக்கின் உள்பக்கமும் அதே மாதிரி கூம்பு.

ஒரு டம்ளருக்குள் இன்னொரு டம்ளரைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம் உள்ளே இறங்கும் என்பதைப் பக்கச் சுவர்தான் முடிவு செய்யும். இரண்டும் ஒரே சாய்வாக இருந்தால் சுற்றிலும் ஒட்டிக் கச்சிதமாக உட்காரும். சாய்வு மயிரிழை மாறினாலும் ஓர் ஓரத்தில் மட்டும் கவ்விக்கொண்டு லொடலொடவென்று ஆடும். ஆனால் திரையில் இருக்கிற டம்ளருக்கு உடம்பு கிடையாது. இரண்டின் அடியையும் சேர்த்து ஒட்டு என்று சொன்னால் ஒட்டிவிடும். சுவருக்குள் சுவர் புகுந்து கிடந்தாலும் சத்தம் வராது, பார்க்கிறவனுக்கும் தெரியாது. அதனால் டேப்பர் வேலையில் கூம்பைக் கூம்போடுதான் ஒட்டிப் பார்க்க வேண்டும். அவர் எல்லாருக்கும் சொல்லித்தருகிற முதல் பாடமே அதுதான்.

புது ஸ்பிண்டிலை அவர் புதிதாக வரையவில்லை. பழைய சின்ன ஸ்பிண்டிலின் படத்தை எடுத்து அகலப்படுத்தினார். கூம்பின் ஒரு முனையைப் பெரிதாக்கினார், மறுமுனையைப் பெரிதாக்கியதில் ஒரு கணக்கு விட்டுப்போயிற்று. சாய்வு மாறிவிட்டது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. சக்கைக் கொண்டுவந்து கூம்பைக் கூம்போடு ஒட்டு என்றார். சிவப்பு வந்து நின்றது. மறுபடியும் செய்தார். மறுபடியும் சிவப்பு. அதற்குள் மாடிப்படியில் சேட்டின் குரல்: "வாங்க வாங்க, நம்ம ரமணிக்பாய் கையால பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்!"

மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. கூம்புக் கட்டளையை எடுத்தார். அச்சை அச்சுக்கு நேராக்கினார், தட்டையான முகத்தைத் தட்டையான முகத்தோடு ஒட்டினார். சக் அழகாகப் போய் உட்கார்ந்தது. சிவப்பு போயிற்று. பார்ட்டி டீயை உறிஞ்சிக்கொண்டே, "அடேங்கப்பா, என்ன பொருத்தம்!" என்றான். அப்புறமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்த ரமணிக்பாய், அந்தப் புகழ்ச்சியில் அதை மறந்தே போனார். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது. அன்றைக்கு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

படம் பட்டறைக்கு இறங்கியது. ஸ்பிண்டில் கூம்பைத் தேய்த்து முடிக்கிற கிரைண்டிங் வேலை மாவ்ஜிபாயுடையது. மாவ்ஜிபாய் ஒல்லி, கறுப்பு, பீடி வாசம். ஊரே மாடி ஏறிப் பட்டம் விடுகிற உத்தராயணம் வந்தால் அவர் தெருவில் அவர் பட்டத்தை அறுக்க ஆள் கிடையாது. மொட்டை மாடியில் நின்று, எட்டாவது வீட்டுப் பட்டத்தின் நூல் எங்கே தொய்கிறது என்று சொல்வார். அப்பேர்ப்பட்ட கண்ணில் அந்த மழைக்காலத்தில்தான் புரை எடுத்திருந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் வேலைக்குத் திரும்பிவிட்டார். புது அளவு ஸ்பிண்டில் மேல் மாட்டிச் சாய்வைச் சரிபார்க்கிற வளையம் இன்னும் வந்து சேராததால், படத்தில் போட்டிருந்த சாய்வை அப்படியே மெஷினில் வைத்துத் தேய்த்தார்.

சக் உட்காரவில்லை. முதல் லேத், இரண்டாவது லேத், எல்லாவற்றிலும் முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே காகிதம் நுழைகிற இடைவெளி. ஓட்டினால் ஆட்டம். வெட்டின பித்தளையில் அலை அலையாகக் கோடு. ஜாம்நகர்க்காரன் போனிலேயே காது கிழிகிற மாதிரி கத்தினான்.

சேட் எல்லாரையும் டிசைன் ரூமுக்குக் கூப்பிட்டார். சாமானை எடுத்துக் கொடுத்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்.

"ரமணிக்பாய், ஸ்க்ரீனக் காட்டுங்க" என்றார் சேட். ரமணிக்பாய் காட்டினார். சக் ஒட்டிக்கொண்டு ஜம்மென்று இருந்தது. சிவப்பு எங்கும் இல்லை.

"பாத்தீங்கல்ல? ஸ்க்ரீன்ல உக்காருது, இரும்புல உக்காரல. அப்ப தப்பு எங்க இருக்கு? இரும்புல. இரும்பத் தேச்சது யாரு?"

"நான்தான் சேட்" என்றார் மாவ்ஜிபாய்.

"சாய்வு சரியா வெச்சியா?"

மாவ்ஜிபாய் பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வெச்சேன்னுதான் நெனைக்கறேன் சேட். ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம், அந்தச் சின்னக் கோடெல்லாம் சில சமயம் ரெட்டையாத் தெரியுது. சத்தியமா வெச்சேன்னு எப்படிச் சொல்ல?"

போதாதா? தானே தன் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. அளந்து பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் போனவன், தானே ஒத்துக்கொண்டான், அப்புறம் என்ன அளவு? சேட் வெளியே போ என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் ரமணிக்பாய் எழுந்து, "சேட், இருபது வருஷத்து ஆளு. வேலைய விட்டு அனுப்பாதீங்க. வேற ஏதாவது குடுங்க" என்று கெஞ்சினார். அடடா, என்ன இளகின மனசு என்று எல்லாரும் நினைத்தோம். மாவ்ஜிபாயை கேட்டில் வாட்ச்மேனாகப் போட்டார் சேட். தேய்த்த ஸ்பிண்டில்கள் என் ஸ்டோர்ஸில் மூலைக்குப் போயின. மாவ்ஜிபாய் போகும்போது ரமணிக்பாயின் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டார். "உங்க படத்தப் பாழாக்கிட்டேன், பாய்."

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் சாய்ந்த நேரம். எங்கள் ஊரில் மத்தியானத் தூக்கத்தில் கைவைக்கக் கடவுளுக்கும் உரிமை இல்லை. பட்டறை அட்டைப்பெட்டிகளின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ரமணிக்பாய் மட்டும் படத்தைத் திறந்து, ஸ்பிண்டிலையும் சக்கையும் திரையில் குறுக்கே வெட்டிப் பார்த்தார். சக்கின் நீலத்துக்குள் ஸ்பிண்டிலின் ஆரஞ்சு புகுந்து கிடந்தது. ஒரு நூல் அளவுதான். அவருக்கு அது மலை அளவு தெரிந்தது.

"அப்பவே சேட்டைப் போய் எழுப்பியிருக்கணும், கோகிலாபென்" என்று பின்னால் சொன்னார். "எழுந்திருச்சேன். கதவு வரைக்கும் போனேன். 'ரமணிக்பாய் சிவப்ப எடுத்துட்டு முகத்த ஒட்டினாராம்'னு பேட்டை பூரா பேசுமேன்னு நெனச்சேன். திரும்பி வந்து உக்காந்துட்டேன். என்ன பொழப்பு பாருங்க."

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் சாய்வைத் திருத்தினார். திருத்தின படம், ஏதோ எண்ணெய்த் துளையை மாற்றின மாதிரி, மற்ற மாற்றங்களோடு சேர்ந்து பட்டறைக்கு இறங்கியது. தப்பைச் சரிசெய்துவிட்டால் போதும், மாவ்ஜியை மெல்ல மெஷினுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நடந்தது நேர் எதிர். புது ஸ்பிண்டில்களை வெளியே ஒரு பட்டறையில் கொடுத்துத் தேய்த்தார்கள். சக் போய் டப்பென்று உட்கார்ந்தது. ஆட்டம் இல்லை, அலை இல்லை. சேட் குதித்தார். "பாத்தீங்களா! மாவ்ஜி கை போச்சு, ஆட்டமும் போச்சு!" கம்பெனி முழுக்கக் கடலைமாவுக் காண்டியாவும் ஜலேபியும் வந்தன. அதுவரைக்கும் 'ஒருவேளை' என்று இழுத்துக்கொண்டிருந்த நாலைந்து ஃபிட்டர்கள்கூட, "ஆமாமா, மாவ்ஜி கண்ணுதான்" என்று முடித்துவிட்டார்கள். திருத்தின படமே மாவ்ஜிபாய்க்குத் தீர்ப்பு எழுதிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

கேட்டுக்கும் ஒரு பொட்டலம் போயிற்று. கொண்டுபோனது ரமணிக்பாய், யாரோ கையில் திணித்துவிட்டார்கள். மாவ்ஜிபாய் வாங்கிக்கொண்டு, "நல்லா உக்காந்துச்சா, பாய்? அப்பாடா. என்னால உங்க பேரு கெட்டுப்போச்சேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல" என்றாராம். ரமணிக்பாய்க்குத் தேள் கொட்டிய திருடன் கதை. கத்தவும் முடியாது, நிற்கவும் முடியாது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவர் டப்பாவையே திறக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ரமணிக்பாய் ஸ்கூட்டரைப் பின் கேட் வழியாகக் கொண்டுவர ஆரம்பித்தார். வார்ப்பு மண் கொட்டிவைக்கிற பக்கம், ஒரே புழுதி. அந்தச் சுத்தக்காரர் மண்ணில் உழன்று வருவார்.

"ஏன் ரமணிக்பாய், முன் கேட்டுல என்ன, கடன்காரனா நிக்கறான்?" என்று கேட்டேன்.

"இது கிட்ட, கோகிலாபென்."

"எதுக்குக் கிட்ட? ரெண்டு கிலோமீட்டர் சுத்து!"

ஸ்கூட்டரின் புழுதியைத் துடைக்கக் குனிந்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று தெரிந்தவள்தான் நான். ஆனால் ரமணிக்பாயையும் குற்றத்தையும் சேர்த்து நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

அந்த உத்தராயணத்துக்கு மாவ்ஜிபாய் மாடி ஏறவில்லை. ஊரே மாடியில் நின்று கத்திக்கொண்டிருக்க, அவர் கீழே வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதே தெருதான். "என்ன மாவ்ஜிபாய், வானத்தோட சண்டையா?" என்றேன். "கண்ணு சரியில்ல, பென். அறுபட்டுப் போனா சிரிப்பாங்க" என்றார். அவர் மனைவி ஜீவிபென் கண்ணால் என்னை அதட்டினாள். அவர் சைக்கிள் விடுவதையும் நிறுத்திவிட்டாராம், அவள்தான் பின்னால் சொன்னாள். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுங்கள் என்றால் பக்கத்து வீட்டைக் காட்டுகிறாராம். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் நம்பவில்லை. "டாக்டர் சொன்னா என்ன? ஸ்க்ரீன்ல காட்டிட்டாங்களே!"

இப்படியே கோடை போயிற்று, மழை வந்தது, பர்யூஷண் வந்தது. ஜைனர்களுக்கு அது நோன்பு நாட்கள். வழக்கமாக ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிற ரமணிக்பாய், அந்த வருஷம் எட்டு நாளும் வெறும் காய்ச்சின தண்ணீர்தான் என்று சங்கல்பம் எடுத்துக்கொண்டார். அதோடு வேலைக்கும் வந்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டார். பட்டறை ஆட்கள் அவரைத் தவசி என்று கும்பிட ஆரம்பித்தார்கள். சேட் ஃபேக்டரி போர்டில் அவர் பெயரை எழுதிப் பூப்போட்டார். மனுஷன் பாவத்தைக் கரைக்கப் பட்டினி கிடந்தால், ஊர் அதற்கும் சேர்த்து மாலை போட்டது. போர்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் தலை குனிந்திருக்கும். அடக்கம் என்று நாங்கள் அதற்கும் பெயர் வைத்தோம்.

நோன்பின் கடைசி நாள் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ உங்களை நோகடித்திருந்தால் மன்னியுங்கள் என்று எல்லாரிடமும் கைகூப்பிக் கேட்க வேண்டும். மிச்சாமி துக்கடம் என்பார்கள். பெரிய மனுஷன், சின்ன மனுஷன், சண்டைக்காரன், பால்காரன் பாக்கி இல்லை. என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்கப்பட்டவரும் எதற்கு என்று கேட்பதில்லை.

மறுநாள் காலை நோன்பை முடித்துவிட்டு வந்தார். முன் கேட் வழியாக வந்தார். ஷிஃப்ட் ஆரம்பிக்கிற நேரம், எல்லாரும் அங்கேதான் நின்றோம். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, கைகூப்பி, மிச்சாமி துக்கடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

என் முறை வந்தது. "என் உருளைக்கிழங்க அவமானப்படுத்தினதுக்கு மட்டும் மன்னிக்க மாட்டேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கடைசியாக மாவ்ஜிபாய். அவர் முன்னால் ரமணிக்பாய் நின்ற நேரம் கொஞ்சம் நீண்டுதான் போயிற்று. "மாவ்ஜிபாய்... மிச்சாமி துக்கடம்."

"ஐயையோ, என்ன பாய்! மன்னிச்சேன், மன்னிச்சேன். நீங்க எனக்கு என்ன கெடுதல் செஞ்சீங்க? என் வீட்டு அடுப்பு எரியறது உங்களாலதான. நான்தான் கேக்கணும்" என்று குனிந்து அவர் காலைத் தொட்டார். மனமார, ஒரு சொட்டுக் கபடம் இல்லாமல் சொன்னார்.

ரமணிக்பாய் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் என் ஸ்டோர்ஸ் கதவில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பட்டினி என்று நினைத்து, "உக்காருங்க, வெல்லம் தரேன்" என்றேன்.

"அந்த மூலையில இருக்கிற ஸ்பிண்டில் வேணும்" என்றார். அப்புறம் அங்கேயே, நட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, சிவப்பு வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை, தரையைத்தான் பார்த்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நல்லா இருக்கு! ஒருத்தன் கண்ணைப் பிடுங்கி கேட்டுல வெச்சிட்டு, நீங்க எட்டு நாள் பட்டினி. வயித்தக் காயப்போட்டா சாய்வு நேராயிடுமா? உங்க தவத்துல தீ வைக்க!"

"வைங்க" என்றார். "இத்தனை நாளும் வெக்கத்தத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன், கோகிலாபென். ஆனா இன்னிக்குப் பண்ணினது திருட்டு. எல்லார்கிட்டயும் வாய் வார்த்தைக்குக் கேட்டேன். அவர்கிட்ட நெசமாக் கேட்டேன். நெசமாக் கேக்கறத மறைச்சு, கூட்டத்தோட கூட்டமாக் கேட்டேன். அந்த மனுஷன் முழுசாக் குடுத்துட்டாரு. என்ன குடுக்கறோம்னே தெரியாமக் குடுத்துட்டாரு."

அந்தச் சுத்தமான சட்டை முழுக்கக் கண்ணீரும் மூக்குமாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டேன். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? போய்ச் சொல்ல வேண்டியவன்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் அவரே சேட்டை, ஃபிட்டர்களை, மாவ்ஜிபாயை எல்லாரையும் டிசைன் ரூமுக்குக் கூப்பிட்டார். பழைய படத்தைத் திறந்தார். முகத்தோடு முகம் ஒட்டின கட்டளையை எடுத்தார். கூம்பைக் கூம்போடு ஒட்டு என்றார். சிவப்புக் குறி வந்தது. அந்தத் திரையில் நாங்கள் சிவப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இது முதல் நாளே வந்துச்சு" என்றார். "பார்ட்டி மாடி ஏறிக்கிட்டிருந்தாங்க. நான் எடுத்துட்டேன். கூம்போட சாய்வு தப்பு. வரைஞ்சது நான். மாவ்ஜிபாய் கையும் தப்பு பண்ணல, கண்ணும் தப்பு பண்ணல. அடுத்த நாளே எனக்குத் தெரியும். சொல்லல. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல."

சேட்தான் முதலில் அசைந்தார். மனுஷனுக்கு எதையும் பொட்டலத்தால் மூடத் தெரியும். "சரி சரி, பழைய கதை. மாவ்ஜி, நாளையிலேர்ந்து நீ மெஷினுக்கு வந்துடு. யாரங்கே, ஜலேபி வாங்கிட்டு வா..."

"அளங்க" என்றார் மாவ்ஜிபாய்.

"என்னது?"

"நான் தேச்சத அளங்க சேட். அன்னிக்கு யாரும் அளக்கல."

என் மூலையில் கிடந்த ஸ்பிண்டிலை எதிர் ரோட்டு அளவைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் யாரும் அன்றைக்குத் தூங்கவில்லை. அது திரும்பி வந்தபோது அளந்த பையனே ஆச்சரியப்பட்டுச் சொன்னான்: படத்தில் போட்ட சாய்வு எதுவோ, அதே சாய்வு. மயிரிழை பிசகில்லை. தப்பான படத்துக்குத் தப்பே இல்லாத வேலை.

மாவ்ஜிபாய் ஸ்பிண்டிலை மடியில் வைத்து, துணியால் துருவைத் துடைத்தார். கூம்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். அவர் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். நிமிர்ந்தபோது அந்த முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"இந்தக் கண்ண நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா, பாய்?" என்றார். குரல் உயரவில்லை. "மாடி ஏறல. சைக்கிள் தொடல. பொண்டாட்டி மூஞ்சியில ஒரு நாள் ஏதோ கறுப்பாத் தெரிஞ்சுது, கண்ணு போயிடுச்சுன்னு அழுதேன். அது அடுப்புக் கரி. தினம் உங்களுக்கு கேட்டத் திறந்துவிட்டு சலாம் வெச்சேன். அப்புறம் நீங்க பின் கேட்டுல போனீங்க. பாவம், என்னப் பாத்தா அவருக்கு மனசு கஷ்டப்படுதுன்னு நெனச்சேன்."

ரமணிக்பாய் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"கையக் கீழ போடுங்க. காலைல கேட்டீங்கல்ல, குடுத்தேன்ல? அதத் திருப்பிக் குடுங்க."

"மாவ்ஜி, நல்ல நாளும் அதுவுமா..." என்று சேட் இழுத்தார்.

"திருப்பிக் குடுங்க பாய். எதுக்குன்னு தெரியாமக் குடுத்துட்டேன்."

ரமணிக்பாய் கூப்பின கையைப் பிரித்தார். எதையோ கொடுப்பதுபோல இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். அங்கே சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. மாவ்ஜிபாய் தலையை ஆட்டிவிட்டு, ஸ்பிண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மறுநாள் கிரைண்டிங் மெஷினில் அவர் இருந்தார். அடுத்த உத்தராயணத்தில் எங்கள் தெருவில் யார் பட்டமும் தங்கவில்லை. என் மகன் பட்டத்தை மட்டும் மூன்று தடவை அறுத்தார், படுபாவி. ரமணிக்பாயின் கதை பேட்டை முழுக்கப் பரவியது. சந்தேகம் கேட்க வருகிறவர்கள் வருவதை நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் கழித்து ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். இப்போது அவர் திரையில் சிவப்பு வந்தால் வந்தபடியே நிற்கும், பார்ட்டி வந்தாலும் நிற்கும். சேட் பல்லைக் கடித்துக்கொண்டு டீயை வேறு ரூமுக்கு மாற்றிவிட்டார். இன்றைக்கும் மாவ்ஜிபாய் எதிரே வந்தால் ரமணிக்பாயின் தோள் தானாகக் குறுகும். அது போகவே இல்லை.

வருஷா வருஷம் நோன்பு முடிந்த மறுநாள் அவர் கிரைண்டிங் மெஷினுக்குப் போவார். மாவ்ஜிபாய் மெஷினை நிறுத்துவார். ரமணிக்பாய் அந்த இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வதில்லை. சிவப்பை எடுத்தேன், முகத்தை ஒட்டினேன், உங்கள் கண் மேல் போட்டேன், தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒன்று விடாமல், சுற்றி நிற்கிற புதுப்பையன்கள் காது கேட்கச் சொல்வார். காது மடல் சிவந்துபோகும். மாவ்ஜிபாய் கடைசி வரை கேட்பார். "கேட்டுக்கிட்டேன் பாய், போயிட்டு வாங்க" என்பார். மெஷின் மறுபடியும் ஓடும்.

இந்த வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனதும் மாவ்ஜிபாயிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "யோவ், கிழவனுக்கு ரிட்டயர்மென்ட் வருது. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா உம்ம வாயில இருக்கிற முத்து உதுந்துடுமா?"

மாவ்ஜிபாய் கூம்பில் விரலை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு தடவை தெரியாமக் குடுத்துட்டேன், பென்" என்றார். "இந்தத் தடவை தெரிஞ்சு குடுக்கணும்ல. அதுக்கு நாளாகுது."